போனோடு பேசும் லேசர் ரிசீவர்: சைட்டில் மட்டம் பார்ப்பவர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

சுற்றும் லேசரும் ப்ளூடூத் ரிசீவரும் வாங்கிய யாரும் முதல் மாதத்தில் கேட்கும் கேள்விகள் ஏறத்தாழ ஒன்றுதான். ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகச் சொல்லி அலுத்துப்போய் எழுதி வைத்துவிட்டேன். கேள்விகளைக் கேட்டவர்கள் கேட்ட மாதிரியே விட்டிருக்கிறேன். ஏற்கெனவே புழங்குகிறவர்கள் எட்டாவது கேள்வியிலிருந்து படித்தாலும் போதும்.

1. இது என்ன சாமான்? நாங்க டியூப் லெவல்லயே எல்லாம் பண்ணிட்டுத்தானே இருக்கோம்?

மூன்று உருப்படிகள். ஒன்று, ட்ரைபாட் மேல் உட்கார்ந்து சுற்றும் லேசர். நிமிடத்துக்கு 600 சுற்று என்பது பல மாடல்களில் வழக்கமான வேகம். அந்தச் சுற்றில் ஒற்றைக் கதிர் ஒரு தட்டையான பரப்பைப் போல சைட்டு முழுக்க விரிகிறது. இரண்டு, ஸ்டாஃபில் (அளவு குறித்த நீளக் கோலில்) மாட்டும் ரிசீவர். கதிர் தன் மேல் எந்த உயரத்தில் படுகிறது என்று பார்ப்பது இதன் வேலை. மூன்று, உங்கள் போன். ரிசீவர் பார்த்ததை ப்ளூடூத்தில் வாங்கிக் காட்டும், கணக்குப் போடும், எழுதி வைக்கும்.

டியூப் லெவலைக் குறைத்துச் சொல்ல மாட்டேன். குழாயில் காற்றுக்குமிழி இல்லாவிட்டால் தண்ணீர் பொய் சொல்லாது. ஆனால் அதற்கு எப்போதும் இரண்டு பேர் வேண்டும், ஒவ்வொரு புள்ளிக்கும் தண்ணீர் ஆடி நிற்கும்வரை காத்திருக்க வேண்டும். நாலு தூணுக்கு அது போதும். ஒரு பெரிய தரை முழுக்க நூறு இடத்தில் மேடு பள்ளம் பார்க்க வேண்டுமென்றால் லேசரும் ஒரு ஆளும் போதும்.

2. லேசர் கோடு கண்ணுக்கே தெரியுதே, அப்புறம் ரிசீவர் எதுக்கு?

அறைக்குள் தெரியும். வெயிலில் பத்து மீட்டர் தள்ளிப் போய்ப் பாருங்கள், தெரியாது. தெரிந்தாலும், தூரம் கூடக்கூடக் கதிர் தடித்துக்கொண்டே போகும். அந்தத் தடிமனில் எது நடு என்று கண்ணால் சொல்ல முடியாது. ரிசீவருக்குள் வரிசையாக ஒளி உணரிகள் இருக்கின்றன. மேலே எவ்வளவு ஒளி, கீழே எவ்வளவு ஒளி என்று ஒப்பிட்டு நடுவை அது கண்டுபிடிக்கிறது. சில லேசர்கள் அகச்சிவப்புக் கதிர் விடுபவை; அவற்றில் ரிசீவர் இல்லாமல் ஒன்றுமே தெரியாது.

3. ரிசீவர்லயே அம்பு வருது, பீப் அடிக்குது. போன் எதுக்குங்க நடுவுல?

நியாயமான கேள்வி. கான்கிரீட் போடும்போது ஒரே மட்டத்தை மட்டும் திரும்பத் திரும்பப் பார்ப்பவருக்குப் போன் தேவையே இல்லை. வேகமான பீப் என்றால் ரிசீவர் கதிருக்கு மேலே, மெதுவான பீப் என்றால் கீழே, விடாமல் ஒலித்தால் சரி. பெரும்பாலான ரிசீவர்கள் இந்த மரபில்தான் இருக்கின்றன. காதே போதும்.

போன் உதவுவது வேறு மூன்று இடங்களில். ரிசீவர் தலைக்கு மேலேயோ குழிக்குள்ளேயோ இருந்து அதன் திரை தெரியாதபோது. ஸ்டாஃப் பிடிப்பவர் ஒருவர், முடிவு சொல்பவர் இன்னொருவர் என்று இருக்கும்போது. அப்புறம், பார்த்ததையெல்லாம் பதிவாக வைக்க வேண்டும் என்னும்போது. ஒன்றை மட்டும் முதலிலேயே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் பாதிக் குழப்பம் இங்கேதான் தொடங்குகிறது: போன் சேர்ந்ததால் மட்டம் ஒரு மில்லிமீட்டர்கூடத் துல்லியமாகாது. தப்பான அளவையும் அது அழகான எழுத்தில்தான் காட்டும்.

4. போன் கேமராவே லேசரைப் பிடிக்காதா? இல்லேன்னா போன்லயே ரசமட்டம் ஆப் இருக்கே, அது ஆகாதா?

கேமரா ஒளியைப் பார்க்கும், உண்மைதான். ஆனால் ஸ்டாஃபின் எந்த உயரத்தில் கதிர் பட்டது என்று அதற்குத் தெரியாது. லேசர் துவாரத்துக்கு நேரே கேமராவைக் காட்டினால் அதன் சென்சாரும் கெட்டுப்போகலாம்.

ரசமட்டம் ஆப் அலமாரி மாட்டுவதற்கு ஆகும். கணக்கு எளிது: 0.1 டிகிரி பிசகினால் ஒரு மீட்டருக்கு 1.75 மி.மீ., பத்து மீட்டருக்கு 17.5 மி.மீ. போனின் முதுகில் கேமரா துருத்திக்கொண்டிருப்பதே அதைவிட அதிகம் சாய்த்துவிடும்.

5. எந்த லேசருக்கு எந்த ரிசீவர் வேணும்னாலும் சேருமா?

சேராது. முதலில் நிறம். சிவப்பு லேசர் சுமார் 635 முதல் 650 நானோமீட்டர், பச்சை சுமார் 520 முதல் 532. சிவப்புக்கென்று வடிகட்டி வைத்த ரிசீவர் பச்சையைப் பார்க்காமல் போகலாம். அடுத்தது வகை. சுவரில் குறுக்குக் கோடு போடும் லைன் லேசர் வேறு, சுற்றும் லேசர் வேறு. லைன் லேசரின் ரிசீவர் வேகமாகத் துடிக்கும் ஒளியை எதிர்பார்க்கும், அதனால்தான் லேசரில் பல்ஸ் என்று ஒரு பொத்தான் இருக்கிறது. சுற்றும் லேசரின் ரிசீவர் ஒரு கணம் வெட்டிவிட்டுப் போகும் ஒளியை எதிர்பார்க்கும். ஒன்றுக்குப் பதில் இன்னொன்றை வாங்கிவிட்டு, ரிசீவர் பழுது என்று திருப்பிக் கொடுத்தவர்கள் உண்டு.

நிறமும் வகையும் பொருந்தினால் வேறு கம்பெனி ரிசீவர்கூடப் பெரும்பாலும் கதிரைப் பிடித்துவிடும். ஆனால் போன் ஆப் அப்படியல்ல. ரிசீவரின் கம்பெனி ஆப் அந்தக் கம்பெனி ரிசீவரோடு மட்டும்தான் பேசும் என்று வைத்துக்கொண்டே வாங்குங்கள்.

6. ப்ளூடூத் ஆன் பண்ணியாச்சு, ரிசீவர் பேரே காட்ட மாட்டேங்குது!

போனின் ப்ளூடூத் செட்டிங்ஸில் தேடுகிறீர்களா? அதை விட்டுவிட்டு ஆப்புக்குள் போய்த் தேடுங்கள். குறைந்த மின்சாரத்தில் ஓடும் ப்ளூடூத் கருவிகள் பல ஆப் வழியாகத்தான் இணையும். செட்டிங்ஸில் ஏற்கெனவே இணைத்திருந்தால் அதை நீக்கிவிட்டு ஆப்பில் மறுபடி முயலுங்கள்.

அடுத்து அனுமதி. ஆண்ட்ராய்டு 6 முதல் 11 வரை இப்படிப்பட்ட கருவியைத் தேடவே ஆப்புக்கு இருப்பிட அனுமதி வேண்டும், இருப்பிடமும் ஆனில் இருக்க வேண்டும். ‘மட்டம் பார்க்க என் இருப்பிடம் எதற்கு’ என்று மறுத்தவர்களுக்கெல்லாம் ரிசீவர் கண்ணில் படாது. ஆண்ட்ராய்டு 12 முதல் அருகிலுள்ள சாதனங்கள் என்று தனி அனுமதி வந்துவிட்டது. ஐபோனில் ஐஓஎஸ் 13 முதல் ஒவ்வொரு ஆப்புக்கும் தனியாக ப்ளூடூத் அனுமதி தர வேண்டும்.

இதெல்லாம் சரியாக இருந்தும் காட்டவில்லை என்றால், நேற்று இணைத்த வேறொருவரின் போன் பக்கத்திலேயே இருக்கிறதா என்று பாருங்கள். பல ரிசீவர்கள் ஒரு நேரத்தில் ஒரே போனோடுதான் பேசும். மேஸ்திரியின் சட்டைப்பையில் இருக்கும் போன் அதைப் பிடித்து வைத்திருக்கும், அவருக்கே அது தெரிந்திருக்காது.

7. பெட்டியில 500 மீட்டர்னு போட்டிருக்கு. எனக்கு இருபது மீட்டர்லயே கட்டாகுது.

இரண்டு தூரங்களைக் குழப்பிக்கொள்கிறீர்கள். பெட்டியில் போட்டிருப்பது லேசரிலிருந்து ரிசீவர்வரை, அதுவும் பல சமயம் விட்டமாக. 500 மீட்டர் விட்டம் என்றால் லேசரிலிருந்து 250 மீட்டர்தான் போகலாம். கட்டாவது ரிசீவரிலிருந்து போன்வரை உள்ள ப்ளூடூத். அதில் பலம் குறைந்த வகைக்கு சுமார் 10 மீட்டர், பலம் கூடிய வகைக்குத் திறந்த வெளியில் சுமார் 100 மீட்டர் என்பது பொதுவான அளவு.

ப்ளூடூத் 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசை. அதைத் தண்ணீர் நன்றாக உறிஞ்சும், மனித உடம்போ பெரும்பாலும் தண்ணீர். பின்பாக்கெட்டில் போனை வைத்துக்கொண்டு ரிசீவரைப் பார்த்து நின்றால் நீங்களேதான் தடுப்புச்சுவர். கம்பி கட்டிய கூண்டு, தகரத் தடுப்பு, ஈர மண் எல்லாமும் அப்படியே.

8. சரி, கணக்கு எப்படிப் போடுறது? ஆப் ஏதோ நம்பர் கேக்குது.

ஆப் கேட்பது இரண்டே: பெஞ்ச் மார்க்கின் (மட்டம் ஏற்கெனவே தெரிந்த, அசையாத புள்ளியின்) மட்டம், அங்கே வைத்த ஸ்டாஃபின் அளவு. பெஞ்ச் மார்க் 100.000 மீட்டர், அங்கே ரிசீவர் சரியாக ஒலித்தபோது ஸ்டாஃபில் 1.450 என்றால் லேசர் பரப்பின் உயரம் 101.450. இதுதான் கருவி உயரம். வரைபடத்தில் தரை மட்டம் 100.200 என்று இருந்தால், அந்த இடத்தில் ஸ்டாஃப் 1.250 காட்ட வேண்டும். நீங்கள் பார்த்தது 1.320 என்றால் தரை 100.130-ல் இருக்கிறது, இன்னும் 70 மி.மீ. நிரப்ப வேண்டும்.

ஸ்டாஃப் அளவு கூடினால் தரை தாழ்வு. இது தலைகீழாகத் தோன்றுவதால்தான் புதிதாக வருகிறவர்கள் தடுமாறுகிறார்கள். முதல் வாரம் ஆப்பை நம்பாமல் ஒரு தாளில் நீங்களே போட்டுப் பாருங்கள். கை பழகிவிட்டால் ஆப்பில் தப்பாகத் தட்டிய எண் உடனே உறுத்தும்.

அலகையும் பார்த்துக்கொள்ளுங்கள். அடியைப் பத்தாகப் பிரித்த ஸ்டாஃபில் 0.1 அடி என்பது ஒரு அங்குலம் அல்ல, 1.2 அங்குலம், சுமார் 30.5 மி.மீ. ஸ்டாஃப் ஒரு அலகு, ஆப் ஒரு அலகு என்று வைத்துக்கொண்டு பாதி நாள் வேலை பார்த்தவர்கள் உண்டு.

9. அம்பு கீழே காட்டுனா மண்ணை வெட்டணுமா, நிரப்பணுமா?

பெரும்பாலான ரிசீவர்களில் அம்பு, ரிசீவரை எந்தப் பக்கம் நகர்த்த வேண்டும் என்று சொல்லும். ரிசீவரை வேண்டிய அளவில் ஸ்டாஃபில் இறுக்கிவிட்டீர்கள், தரையில் வைத்தீர்கள், அம்பு கீழே காட்டுகிறது என்றால் ரிசீவர் கதிருக்கு மேலே இருக்கிறது, தரை மேடு, வெட்ட வேண்டும்.

10. ஸ்டாஃப்ல ஒரு அளவு, ஆப்ல பிளஸ் 6 மி.மீ.னு ஒண்ணு. எதை எழுதுறது?

இரண்டையும் சேர்த்து. மில்லிமீட்டர் காட்டும் ரிசீவரில் கதிர் நடுக்கோட்டில் பட வேண்டுமென்ற கட்டாயம் இல்லை. ரிசீவரை ஸ்டாஃபில் பிடித்திருக்கும் கிளாம்ப் 1.320-ல் இருக்கிறது, கதிர் நடுக்கோட்டுக்கு 6 மி.மீ. மேலே படுகிறது என்றால் உண்மையான அளவு 1.326. ஆனால் ஆப்பில் வரும் பிளஸ் எதைக் குறிக்கிறது? சிலவற்றில் கதிர் மேலே என்று, சிலவற்றில் ரிசீவர் மேலே என்று. கையேட்டைத் தேட வேண்டாம். ரிசீவரைக் கையால் ஒரு சென்டிமீட்டர் தூக்குங்கள். எண் கூடினால் பிளஸ் என்பது ரிசீவர் மேலே என்று பொருள், அப்போது கழிக்க வேண்டும். குறைந்தால் கூட்ட வேண்டும்.

இதோடு கிளாம்ப் விஷயத்தையும் சொல்லிவிடுகிறேன். ஸ்டாஃபில் அளவு படிக்கும் விளிம்பும் ரிசீவரின் நடுக்கோடும் ஒரே உயரத்தில் இருக்க வேண்டும். இல்லாவிட்டாலும், பெஞ்ச் மார்க்கையும் மற்ற புள்ளிகளையும் அதே கிளாம்பில் பார்த்தால் வித்தியாசம் தானே அடிபட்டுப்போகும். நடுவில் கிளாம்பை மாற்றினால்தான் ஆபத்து. எனக்கு நடந்தது: மதிய இடைவேளையில் யாரோ வேறு ரிசீவரின் கிளாம்பை மாட்டிவிட்டார்கள். பிற்பகலில் எடுத்த நாற்பது புள்ளிகளும் 18 மி.மீ. தள்ளி நின்றன. எல்லாம் ஒரே மாதிரி தள்ளியிருந்ததால் பார்க்க அவ்வளவு ஒழுங்காக இருந்தது.

11. ஃபைன், கோர்ஸ்னு இருக்கே, எப்பவும் ஃபைன்ல வெச்சுட்டா நல்லதுதானே?

அது துல்லியம் அல்ல, ‘சரி’ என்று சொல்வதற்கான வரம்பு. ஃபைனில் ஒன்றிரண்டு மில்லிமீட்டருக்குள் வந்தால்தான் ஒலி நிலைக்கும். கோர்ஸில் ஐந்து, பத்து மி.மீ.கூட விட்டுக்கொடுக்கும். மாடலுக்கு மாடல் மாறும். மண் வேலையில் ஃபைன் வைத்தால் ஒரு கூழாங்கல்லுக்கெல்லாம் அம்பு மேலும் கீழும் துள்ளும், ஆள் வெறுத்துப்போவார். முடிப்புத் தரைக்கு ஃபைன், தோண்டலுக்கு கோர்ஸ். பெஞ்ச் மார்க்கை மட்டும் எப்போதும் ஃபைனில் பாருங்கள்.

12. தண்ணி வாட்டம் பார்க்க சரிவு லேசர்தான் வாங்கணுமா?

வேண்டியதில்லை. மட்ட லேசரை வைத்தே பார்க்கலாம், கணக்கைப் போன் போடும். 24 மீட்டர் வடிகாலுக்கு 80-க்கு 1 வாட்டம் என்றால் மொத்த இறக்கம் 300 மி.மீ. தொடக்கத்தில் ஸ்டாஃப் 1.200 என்றால் கடைசியில் 1.500, நடுவில் மூன்று மீட்டருக்கு ஒருமுறை 37.5 மி.மீ. கூட வேண்டும். ஆப்பில் தூரத்தைக் கொடுத்தால் அந்த இடத்தில் இருக்க வேண்டிய அளவைச் சொல்லும். தூரத்தை டேப்பில் ஒழுங்காகப் பிடிப்பது உங்கள் பாடு.

நாள் முழுக்க ஒரே சரிவில் வேலை என்றால் சரிவு லேசர் வசதி. ரிசீவரை ஒரு அளவில் இறுக்கிவிட்டால் போதும். ஆனால் அதில் ஒரு பொறி. லேசரின் சரிவு அச்சு வேலை நடக்கும் திசைக்கு நேராக இருக்க வேண்டும். 2 சதவீதச் சரிவில் அச்சு 3 டிகிரி திரும்பியிருந்தால் நீளவாக்கில் வித்தியாசமே தெரியாது. குறுக்கே மட்டும் 20 மீட்டருக்கு 21 மி.மீ. சாய்ந்திருக்கும். தண்ணீர் ஒரு மூலையில் தேங்கிய பிறகுதான் அது புரியும்.

13. ஸ்டாஃப் கொஞ்சம் சாய்ஞ்சா என்ன ஆயிடப் போகுது?

2 மீட்டர் உயரத்தில் 2 டிகிரி சாய்ந்தால் 1.2 மி.மீ., பரவாயில்லை. 5 டிகிரி சாய்ந்தால் 7.6 மி.மீ. உயரம் கூடக்கூட இதுவும் கூடும். மோசமான செய்தி என்னவென்றால் எந்தப் பக்கம் சாய்ந்தாலும் பிழை ஒரே திசையில்தான் விழும்: அளவு கூடும், தரை தாழ்வாகத் தெரியும். நிறைய புள்ளி எடுத்துச் சராசரி போட்டாலும் அது போகாது.

மருந்து பழையதுதான். ஸ்டாஃபை முன்னும் பின்னும் மெதுவாக ஆட்டுங்கள். வரும் அளவுகளில் எது குறைவோ அதுவே சரி. சில ரிசீவர்களில் சாய்வு உணரி உண்டு, நேராக நின்றால்தான் போன் பதிவு செய்யவிடும். நல்ல ஏற்பாடு. ஸ்டாஃபின் அடியில் ஒட்டிய சேற்றை எந்த உணரியும் சொல்லாது.

14. லேசர் சரியா இருக்கான்னு நானே பார்க்க முடியுமா? சர்வீஸுக்குத்தான் அனுப்பணுமா?

திருத்த அனுப்புங்கள், சோதனை நீங்களே செய்யலாம். சுவரிலிருந்து 30 மீட்டர் தள்ளி லேசரை வையுங்கள். ஒரு முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பி, ரிசீவர் சரி என்று சொல்லும் உயரத்தில் கோடு போடுங்கள். ட்ரைபாட்டை அசைக்காமல் லேசரை மட்டும் 180 டிகிரி திருப்பி, அது மட்டமாகும்வரை காத்திருந்து மறுபடி கோடு போடுங்கள். இரண்டு கோட்டுக்கும் இடையே உள்ளதில் பாதிதான் 30 மீட்டரில் உள்ள பிழை. கையேட்டில் 30 மீட்டருக்கு ±1.5 மி.மீ. என்று இருந்தால், கோடுகளுக்கு இடையே 3 மி.மீ.வரை ஏற்கலாம். பிறகு 90 டிகிரி திருப்பி மற்ற அச்சுக்கும் இதையே செய்யுங்கள்.

இதில் தேறிய லேசருக்கும் இன்னொரு நோய் இருக்கலாம். கதிர் எல்லாத் திசையிலும் ஒரே அளவு மேலேயோ கீழேயோ சாய்ந்து, தட்டையான பரப்புக்குப் பதில் கூம்பாக விரியும். லேசரைத் திருப்பினாலும் கூம்பு கூம்புதான் என்பதால் மேலே சொன்ன சோதனையில் இது மாட்டாது. அதற்கு 60 மீட்டர் இடைவெளியில் இரண்டு முளை அடியுங்கள். நடுவில் லேசரை வைத்து இரண்டு முளைக்கும் உள்ள வித்தியாசத்தை எடுங்கள். தூரம் சமம் என்பதால் கூம்புப் பிழை அடிபட்டுவிடும். பிறகு ஒரு முளைக்குப் பக்கத்தில் லேசரை நகர்த்தி அதே வித்தியாசத்தைப் பாருங்கள். எண் மாறினால் கூம்பு இருக்கிறது.

டம்பி லெவல் (தொலைநோக்கி வழியே மட்டம் பார்க்கும் கருவி) பழகியவர்கள் ‘கருவியை நடுவில் வைத்தால் எல்லாப் பிழையும் போய்விடும்’ என்பார்கள். சுற்றும் லேசரில் கூம்பு மட்டும்தான் போகும். பரப்பே ஒரு பக்கம் சாய்ந்திருந்தால், நடுவில் வைத்தால் ஒரு முளையில் மேலே, எதிர் முளையில் கீழே என்று பிழை இரட்டிக்கும். அதனால்தான் சுவர்ச் சோதனை முதலில், முளைச் சோதனை பிறகு.

15. காலையில நல்லா இருந்துச்சு, வெயில் ஏறினதும் அளவு ஆடுது. ரிசீவர் கோளாறா?

காற்றின் கோளாறு. சூடான தரையை ஒட்டிய காற்று அலைபாயும், அதன் வழியே போகும் கதிரும் வளைந்து நெளியும். லேசரை உயர்த்தி வையுங்கள், கதிர் தரையிலிருந்து அரை மீட்டருக்கு மேலேயே போகட்டும், தூரத்தைக் குறையுங்கள். ஆப்பில் சராசரி எடுக்கும் வசதி இருந்தால் சில வினாடிகள் விடுங்கள். இந்த ஆட்டம் இரு பக்கமும் நடப்பதால் சராசரி இங்கே பெருமளவு உதவும். பதின்மூன்றில் சொன்ன சாய்வுக்கு உதவாதது போல அல்ல.

குளிர்சாதன வண்டியிலிருந்து இறக்கிய லேசரை உடனே வெயிலில் ஓடவிடாதீர்கள். பத்துப் பதினைந்து நிமிடம் வெளியில் பழகட்டும். போனுக்கும் வெயில் ஆகாது. ஐபோனுக்குச் சொல்லப்பட்ட சூழல் வெப்பநிலையே 0 முதல் 35 டிகிரி செல்சியஸ்வரை. சூடேறினால் திரை மங்கும், சில சமயம் அணைந்தே விடும். ஸ்டாஃபில் போனை மாட்டினால் திரையை நிழல் பக்கம் திருப்பி மாட்டுங்கள்.

16. லேசர் மறைஞ்ச இடத்துலயும் பீப் அடிக்குது. பேயா?

பேய் இல்லை, எதிரொளிப்பு. கண்ணாடி ஜன்னல், வண்டியின் பக்கவாட்டு, பளபளக்கும் தகரம், தேங்கிய தண்ணீர் எதில் பட்டுத் திரும்பினாலும் ரிசீவருக்கு அதுவும் கதிர்தான். எச்சரிக்கை விளக்குகளின் வெட்டொளியும் சில எல்இடி விளக்குகளும்கூட ஏமாற்றும். ரிசீவருக்கும் லேசருக்கும் நடுவே உங்கள் கையை வைத்து மறையுங்கள். பீப் நிற்கவில்லை என்றால் ஒளி வேறெங்கிருந்தோ வருகிறது.

இதைவிடக் கஷ்டமானது பக்கத்து அணியின் லேசர். அது நிஜக் கதிர் என்பதால் அளவு திடமாகவே நிற்கும், போனும் நிம்மதியாகப் பதிவு செய்யும். ஒரே சைட்டில் இரண்டு லேசர் ஓடினால் உயரங்களை நன்றாக விலக்கி வையுங்கள். தன் லேசரை மட்டும் அடையாளம் காணும் வசதி ரிசீவரில் இருந்தால் அதை ஆன் செய்யுங்கள்.

17. தூரம் போகப் போக பூமி உருண்டையா இருக்கறதெல்லாம் கணக்குல வருமா?

வரும், ஆனால் நீங்கள் பயப்படும் அளவுக்கு இல்லை. 100 மீட்டரில் 0.8 மி.மீ., 200-ல் 3 மி.மீ. சொச்சம், 300-ல் 7 மி.மீ. காற்று கதிரைக் கொஞ்சம் கீழே வளைப்பதால் உண்மையில் இதைவிடச் சற்றுக் குறையும். லேசரின் சொந்தப் பிழைதான் பெரிது: 30 மீட்டருக்கு 1.5 மி.மீ. என்பது 200 மீட்டரில் 10 மி.மீ. பூமியைப் பற்றிக் கவலைப்படும் முன் பதினான்காம் கேள்வியின் சோதனையைச் செய்துவிடுங்கள்.

18. போன்ல ஜிபிஎஸ் இருக்கே, உயரத்தையும் அதுவே எடுத்துக்காதா?

எடுத்துக்கொள்ளும், மீட்டர் கணக்கில் தப்பாக. திறந்த வெளியில் போன் ஜிபிஎஸ் கிடைமட்டத்திலேயே சில மீட்டர் பிசகும், உயரத்தில் இன்னும் மோசம். பதிவில் அந்தப் புள்ளி சைட்டின் எந்த மூலை என்று ஞாபகப்படுத்த மட்டும் அது போதும். உயரம் என்ற கட்டத்தில் ஜிபிஎஸ் எண் வந்து உட்காராதபடி ஆப்பில் ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள்.

19. பொக்லைன் கேபின்ல போனை வெச்சு, அதோட கையில ரிசீவரை மாட்டினா ஆச்சே?

இயந்திரத்தில் மாட்டுவதற்கென்றே ரிசீவர்கள் இருக்கின்றன. சுற்றிலும் பார்க்கும், அதிர்வைத் தாங்கும், கதிரைப் பிடிக்கும் உயரமும் அதிகம். கையில் பிடிக்கும் ரிசீவரைக் கட்டிவிட்டால் ஒரு பக்கம்தான் பார்க்கும், பக்கெட் திரும்பியதும் கதிரைத் தவறவிடும்.

தாமதமும் உண்டு. நிமிடத்துக்கு 600 சுற்று என்றால் வினாடிக்குப் பத்து முறைதான் கதிர் ரிசீவரைத் தொடும், அதன்மேல் ப்ளூடூத்தின் தாமதம். மணிக்கு 5 கி.மீ. வேகத்தில் நகரும் இயந்திரம் பத்தில் ஒரு வினாடியில் 14 செ.மீ. போய்விடும். நிறுத்திப் பார்ப்பதற்குப் போன் போதும், ஓட்டிக்கொண்டே பார்ப்பதற்கு அல்ல. இன்னொன்று: கை நேராக நிற்கும்போது எடுத்த அளவுதான் அளவு. சாய்வுக் கணக்கு இங்கேயும் அதேதான், நீளம் மட்டும் பெரிது.

20. லேசரையே போன்ல இருந்து மாத்தலாம்னு சொல்றாங்க. நல்லதா?

சில மாடல்களில் முடியும். குழிக்குள்ளிருந்தே சரிவை மாற்றலாம் என்பது வசதிதான். ஆனால் பாக்கெட்டில் திரை தெரியாமல் தொட்டு 0.5 சதவீதம் ஏறிவிட்டால் ஒருவரும் கவனிக்க மாட்டார்கள். மாற்றிய உடனே திரையைப் பூட்டுங்கள்.

21. மழை, தூசு தாங்குமா?

ஐபி67 என்று போட்டிருந்தால் தூசு புகாது, ஒரு மீட்டர் தண்ணீரில் அரை மணி நேரம் தாங்கும். அது ரிசீவருக்கு, உங்கள் போனுக்கு என்ன என்று தனியாகப் பாருங்கள். ரிசீவர் முகத்தில் மழைத்துளி ஒட்டியிருந்தால் அளவு தவறும், துடைத்துவிட்டுப் பாருங்கள். மழை ஈரத்தோடு பெட்டிக்குள் வைத்து மூடாதீர்கள்.

22. கண்ணுக்கு ஆபத்து உண்டா? பசங்க வேடிக்கை பாக்குறாங்க.

லேபிளைப் பாருங்கள். 60825-1 என்ற சர்வதேசத் தரநிலைப்படி வகுப்பு 2 என்பது 1 மில்லிவாட்டுக்குள் உள்ள கண்ணுக்குத் தெரியும் கதிர். தற்செயலாகப் பட்டால் இமை தானே மூடிக் காப்பாற்றும். வேண்டுமென்றே உற்றுப் பார்த்தால் காப்பாற்றாது. கண்ணுக்குத் தெரியும் 3ஆர் வகுப்பு 5 மில்லிவாட்வரை போகும். அகச்சிவப்பில் இமையும் மூடாது, ஏனென்றால் கண்ணுக்கே தெரியாது. சுற்றுவதை நிறுத்தி ஒரே இடத்தில் கதிரை விடும்போதுதான் அதிகக் கவனம் வேண்டும். லேசரைக் கண் உயரத்தில் வைக்காமல் தலைக்கு மேலேயோ இடுப்புக்குக் கீழேயோ வைப்பது எளிய வழி.

23. சாயங்காலம் பெஞ்ச் மார்க்கை மறுபடி பார்த்தா 9 மி.மீ. வித்தியாசம். ஆப்ல எல்லாப் புள்ளியையும் சமமா சரி பண்ணிடலாமா?

கூடாது. 9 மி.மீ. காலையிலிருந்து கொஞ்சம் கொஞ்சமாக வந்ததா, ஒரே நொடியில் வந்ததா என்று உங்களுக்குத் தெரியாது. ட்ரைபாட் கால் இளகிய மண்ணில் மெல்ல இறங்கினால் முதல் வகை. யாரோ காலில் இடித்து, லேசர் தானே மறுபடி மட்டமாகிக்கொண்டு, வேறு உயரத்தில் சுற்றத் தொடங்கினால் இரண்டாம் வகை. மட்டமாகிவிட்டதால் லேசர் பார்க்கச் சரியாகவே இருக்கும், உயரம் மட்டும் மாறியிருக்கும். இதற்குத்தான் இடிபட்டால் சுற்றுவதை நிறுத்தும் எச்சரிக்கை வசதி. தொல்லை என்று அதை அணைத்து வைக்கிறவர்கள்தான் இந்தக் கேள்வியோடு வருகிறார்கள். கிளாம்ப் மாறியிருந்தாலும் (கேள்வி 10) இப்படித்தான் தெரியும்.

இங்கேதான் போனின் பதிவு நிஜமாகவே பயன்படுகிறது. ஒவ்வொரு புள்ளிக்கும் நேரம் இருக்கிறது. அசையாத ஒரு இடத்தில், சொல்லப்போனால் ஒரு தூணில் போட்ட ஆணியில், மணிக்கு ஒருமுறை ஸ்டாஃப் வைத்து ஒரு அளவு எடுத்துச் சேமித்து வந்திருந்தால், எந்த மணி நேரத்தில் எண் மாறியது என்று தெரியும். அந்த ஒரு மணி நேரத்துப் புள்ளிகளை மறுபடி எடுத்து, அதற்குப் பிந்தியவற்றில் 9-ஐச் சரிசெய்தால் போதும். மணிக்கு மணி எண் கொஞ்சம் கொஞ்சமாக நகர்ந்திருந்தால் கால் இறங்கியிருக்கிறது. அந்தந்த மணி நேரத்துக்கு உரிய திருத்தத்தைப் போடலாம். ஆணி அளவே இல்லையென்றால் எல்லாவற்றையும் திரும்ப எடுக்க வேண்டியதுதான்.

24. பதிவை அப்படியே இன்ஜினியருக்கு அனுப்பினா ‘இது என்னன்னே புரியல’ங்கிறார்.

புள்ளி 1, புள்ளி 2 என்று ஆப் தானே வைத்த பெயரோடு அனுப்பியிருப்பீர்கள். தூண் எண்ணோ கட்ட எண்ணோ பெயராக இருக்கட்டும். எந்த பெஞ்ச் மார்க், அதன் மட்டம், தொடங்கும்போதும் முடிக்கும்போதும் அதில் எடுத்த அளவு, லேசரின் எண், கடைசியாகச் சோதித்த நாள், அலகு இவ்வளவும் மேலே இருந்தால் அவர் கேள்வி கேட்க மாட்டார். அனுப்பும் முன் ஒரு பிரதியைப் போனுக்கு வெளியே எடுத்து வையுங்கள். சைட்டில் முதலில் தண்ணீர்த் தொட்டிக்குள் விழுவது எப்போதும் போன்தான்.